கனெக்டருக்குப் பொட்டு

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று சங்கக் கூட்டம். மழை வந்தால் இன்டர்நெட் போகிறது, மழை நின்றால் கரண்ட் போகிறது, இரண்டும் இருக்கும்போது தண்ணீர் மோட்டார் போகிறது. வடவள்ளியிலேயே இப்படி ஒரு குடியிருப்பு நம்முடையது மட்டும்தான் என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். கடைசியில் பழைய கம்பியை எல்லாம் பிடுங்கிவிட்டு ஃபைபர் போடுவதென்று முடிவாயிற்று. கேட்டு வரைக்கும் கம்பெனிக்காரன் கொண்டுவந்து விடுவான். கேட்டுக்கு உள்ளே நம் பாடு.

நான் செயலாளராகி மூன்று மாதம்தான் ஆகிறது. எனக்கு முன்னால் ஆறு வருஷம் 3-பி ரங்கசாமிதான் செயலாளர். மில்லில் சூபர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் கட்டடத்தையே மில் என்று நினைத்து விசில் அடிப்பவர். ஒரே ஒரு ஓட்டில் அவரைத் தோற்கடித்தேன். அந்த ஓட்டு என் வீட்டுக்காரருடையது என்று அவர் இன்னும் சொல்லித் திரிகிறார். இவர் யாருக்குப் போட்டார் என்று எனக்கே தெரியாது. கேட்டால் சிரிக்கிறார்.

"விஜயதசமியன்று கனெக்சன் கொடுப்போம். அக்டோபர் பன்னிரண்டு பொதுக்குழுவுக்குள் எல்லா வீட்டிலும் ஓடவில்லை என்றால் ராஜினாமா செய்துவிடுவேன்" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றார் வீட்டுக்காரர், லிஃப்டில்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஃபைபர் போடுகிற டேவிட் பிரபு வந்தான். சாப்பாட்டு மேசைமேல் துணியை விரித்து விதவிதமான கனெக்டர்களைப் பரப்பினான். தட்டான் தோடு காட்டுகிற மாதிரி இருந்தது.

ஃபைபர் என்பது முடியைப் போன்ற கண்ணாடி நூல். அதற்குள் வெளிச்சம் ஓடுகிறது. ஒரு நூலின் முனை இன்னொரு நூலின் முனையை நேருக்கு நேர் முத்தமிட்டுக்கொண்டு நிற்க வேண்டும். முனைகளை அப்படிப் பிடித்து வைப்பதுதான் கனெக்டரின் வேலை. மற்றதெல்லாம் மேல்சட்டை. சதுரமாகப் பெரிதாக இருப்பது ஒன்று, தள்ளினால் டக்கென்று உட்காரும், இழுத்தால் வந்துவிடும். அதில் பாதி அளவில் ஒன்று இருக்கிறது. ஆபீஸ்களில் நூற்றுக்கணக்கில் நெருக்கி அடிக்க அதுதான் தோதாம். திருகு போட்டு முறுக்குகிற ஒன்றும் உண்டு. மிஷின் அதிர்கிற இடத்தில் கழன்றுவிடாது, ஆனால் முறுக்கி முறுக்கிக் கை போய்விடும்.

"வீட்டுக்கு இந்தச் சதுரமே போதுமுங்க" என்றான் டேவிட். "இனி கலரைச் சொல்லுங்க. நீலமா, பச்சையா?"

சேலைக்கு மேட்சிங் கேட்கிறான் என்று நினைத்தேன். இல்லை. நீலத்தில் முனை தட்டையாக இருக்கும். பச்சையில் முனையைக் கொஞ்சம் சாய்வாகச் சீவியிருப்பார்கள். இரண்டு முனை சேருகிற இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் முட்டித் திரும்பும். தட்டையாக இருந்தால் வந்த வழியே நேராகத் திரும்பிப் போய்த் தொந்தரவு செய்யும். சாய்வாக இருந்தால் பக்கவாட்டில் போய் மறைந்துவிடும். டிவியும் அதே லைனில் வருவதால் நமக்குப் பச்சைதான் நல்லதாம். இரண்டையும் மட்டும் கலக்கக் கூடாது. சாய்வும் தட்டையும் சேர்ந்தால் நடுவே இடைவெளி விழும்.

"முனையை மட்டும் கையில தொட்டராதீங்க. கைரேகை பட்டாக் கூட ஆகாதுங்க" என்றும் சொன்னான். இதெல்லாம் கவனமில்லாதவர்களுக்குச் சொல்வது. நான் இரண்டு வேளை குளிக்கிறவள்.

போகும்போது சின்னக் கனெக்டர் ஒன்றைக் காணவில்லை. வீட்டுக்காரர் அதைப் பேனா மூடி என்று நினைத்துத் தன் பேனாவில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பச்சையா நீலமா என்று ஓட்டெடுப்பு.

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். "கோபமாக வருகிறவர் முன்னால் நேராக நின்றால் சண்டை திரும்பி வரும். கொஞ்சம் சாய்ந்து நின்றால் பக்கத்தில் போய்விடும். பச்சைக் கனெக்டர் அப்படித்தான்" என்றேன். கைதட்டினார்கள்.

ரங்கசாமி எழுந்தார். "ஏனுங்க, கோணலா வெட்டுனதையா ஊட்டுக்குள்ள உடறது? மூலைமட்டம் பாக்காமச் செவுரு கட்டுவீங்களா? என்ற மாப்பிளை பெங்களூர்ல நீலந்தான் போட்டுருக்கறாரு. நேரா இருக்கறதுதானுங்க நேர்மை!"

அதற்கும் கைதட்டினார்கள். இந்தக் கூட்டத்தில் பந்தலுக்குக் கால் நட்டாலும் கைதட்டுவார்கள்.

பச்சை ஜெயித்தது. உடனே மனிதர் என்னைப் பார்த்து, "தபாலாபீஸ்ல சீல் குத்துனவீங்களுக்கு ஃபைபரைப் பத்தி என்னங்க தெரியும்? பாத்துடலாமுங்க செக்ரட்டரியம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரர் கூட வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

முப்பத்திரண்டு வருஷம் தபால் துறையில் இருந்தவள் நான். சப் போஸ்ட்மாஸ்டர். சீல் குத்தியது அதில் முதல் நாலு வருஷம்தான்.

செப்டம்பர் 22, திங்கள்

தங்கமணி கூப்பிட்டாள், நடைப்பயிற்சிக்குப் போகவில்லை. முட்டி வலி.

செப்டம்பர் 24, புதன்

இன்றும் முட்டி வலி. தங்கமணி, ரங்கசாமியின் மனைவி என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டுக்காரர் கேட்டதால் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 29, திங்கள்

வேலை அநேகமாக முடிந்தது. மீட்டர் ரூமில் ஒரு வெள்ளைப் பெட்டி. எல்லா வீட்டு ஒயரும் அதற்குள் வந்து, நுனியில் பச்சைக் கனெக்டரோடு, தலையில் ஆளுக்கொரு தூசித் தொப்பியோடு வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் வீட்டு நம்பர் ஒட்டியிருக்கிறது. வியாழக்கிழமை நல்ல நேரத்தில் நான் என் கையால் ஒவ்வொன்றாகச் சொருகுவேன். சாவி என்னிடம்தான்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

காலையிலிருந்து ஓட்டம். வீட்டில் அரிவாள்மனை, மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷின், என் ஸ்கூட்டி. வீட்டுக்காரர் தன் மூக்குக் கண்ணாடிக்கும் வைக்கச் சொன்னார். வைத்துவிட்டு, பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று மத்தியானம் வரை புலம்பினார்.

பிறகு பொதுச் சொத்து. லிஃப்ட், ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், கேட்டு. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம், மாலை, பூசணிக்காய். சுண்டலுக்கு உப்பு கொஞ்சம் கம்மி.

கடைசியில் ஃபைபர் பெட்டி. இந்த வருஷத்துப் புது ஆயுதம் அதுதானே! தொப்பிக்கு மேல் பொட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு யாராவது பொட்டு வைத்துக்கொள்வார்களா? ஒவ்வொரு தொப்பியாகக் கழற்றினேன். உள்ளே வெள்ளை வெளேரென்று மிளகு அளவுக்கு ஒரு முனை. சின்னக் குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது. கை படவே இல்லை. ஊதுபத்திக் குச்சியால்தான் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்துத் தொப்பியைப் போட்டேன். எவ்வளவு லட்சணமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

3-பி வரும்போது சந்தனம் தீர்ந்துவிட்டது.

பிறகு தீயணைப்பு சிலிண்டர், வாட்ச்மேன் நாற்காலி, குப்பைத் தொட்டி மூடி ஆகியவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

நல்ல நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். டேவிட் படிக்கட்டில் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து நேற்றைய சுண்டலைத் தின்றுகொண்டிருந்தான். பொட்டு எல்லாம் காய்ந்து பொருக்காகி இருந்தது. வாயால் ஊதி, முந்தானையால் துடைத்து, கண்ணாடி மாதிரி ஆக்கித்தான் சொருகினேன். டக், டக், டக். என்ன சுகமான சத்தம்!

மேலே ஓடினோம். என் வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு. நல்ல நாளில் சிவப்பு மங்களம்தானே என்று நினைத்தேன். டேவிட் முகம் மாறியது. சிவப்பு எரிந்தால் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தமாம். பக்கத்து வீட்டில் சிவப்பு. கீழே சிவப்பு. கட்டடம் முழுக்கச் சிவப்பு.

3-பியில் மட்டும் பச்சை.

ரங்கசாமி வாசலில் நின்று, "நம்மூட்டுல ஜம்முனு ஓடுதுங்க" என்றார். சொன்ன விதம் இருக்கிறதே!

"கேட்டு வரைக்கும் லைன் நல்லா இருக்குதுங்க. முனையைப் பாக்கற மைக்ராஸ்கோப்பு வேணும், அது பொள்ளாச்சியில ஒருத்தரு கையில இருக்குது. வந்தா ஆயிடுங்க" என்றான் டேவிட். அவனுக்கு எல்லாமே 'ஆயிடுங்க'.

அக்டோபர் 3, வெள்ளி

மொத்தக் கட்டடமும் ரங்கசாமி வீட்டில் இருக்கிறது. ஆன்லைன் வேலை பார்க்கிறவர்கள் அவர் ஹாலில். சீரியல் பார்க்கிறவர்கள் அவர் சோபாவில். தங்கமணி எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுக்கிறாளாம். பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? 'நீலமே நல்லது'. எல்லோரும் அதை டைப் அடித்துத்தான் உள்ளே போக வேண்டும்.

என் வீட்டுக்காரரைச் சாயங்காலம் காணவில்லை. எங்கே போனார் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 5, ஞாயிறு

யோசித்துப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் நெட் போய், ஒரே ஒரு வீட்டில் மட்டும் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? எலி கடித்திருந்தால் வீட்டு நம்பர் பார்த்தா கடிக்கும்? மீட்டர் ரூம் சாவிக்கு நகல் ஒன்று பழைய செயலாளரிடம் இருந்திருக்கலாம் அல்லவா? இருந்தது என்று நான் சொல்லவில்லை. இருந்திருக்கலாம் என்று லிஃப்டில் நாலு பேரிடம் கேட்டேன், அவ்வளவுதான்.

"நீ பொட்டு வச்சியே, அதுல ஏதாச்சும்..." என்று இவர் இழுத்தார்.

"சாமி காரியத்தில் குறை சொல்லாதீங்க" என்றேன்.

அக்டோபர் 8, புதன்

நான் கேட்ட கேள்வி இரண்டே நாளில் தீர்ப்பாகிவிட்டது. இப்போது ரங்கசாமி வீட்டுக்கு யாரும் போவதில்லை. அவர் வந்தால் லிஃப்டில் ஏறுவதில்லை. கதவுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அவர் வைஃபையை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

மனிதர் மத்தியானம் நம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சாவியெல்லாம் அன்னிக்கே உங்க கையில குடுத்துட்டனுங்க. மீட்டர் ரூம் பக்கமே நான் போகுலீங்க. நீலத்துக்குச் சண்டை போட்டேன், அது வாஸ்தவந்தான். அதுக்குன்னு கள்ளத்தனம் பண்ணுவனுங்களா?" என்றார்.

"விசாரணையில் தெரிந்துவிடும்" என்றேன். எனக்கே அந்தக் குரல் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் இரண்டு தீர்மானம் வருகிறது. 3-பியின் இணைப்பைத் துண்டிப்பது. ரங்கசாமியைக் கமிட்டியிலிருந்து நீக்குவது. அவர்மேல் பழி விழுந்தால் என் ராஜினாமாப் பேச்சு தானாக அடங்கிவிடும் என்று கமிட்டியில் இருக்கிற ஏ-பிளாக்காரர் வந்து சொன்னார். நான் அப்படி நினைக்கவே இல்லை. அவர்தான் சொன்னார்.

அக்டோபர் 11, சனி

மைக்ராஸ்கோப் வந்தது. டார்ச் லைட் மாதிரி ஒரு சாமான், கூடவே ஒரு சின்னத் திரை. மீட்டர் ரூமில் நானும் டேவிட்டும் மட்டும்.

முதலில் 3-பியைக் கழற்றி அதில் வைத்தான். திரையில் கழுவித் துடைத்த பீங்கான் தட்டு போல ஒரு வட்டம், நட்ட நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வழியாகத்தான் வெளிச்சம் வருமாம். "எத்தனை சுத்தம் பாருங்க" என்றான். அதைச் சொருகிவிட்டு அடுத்ததை வைத்தான்.

திரை முழுக்கப் பாறாங்கல். மஞ்சளாகச் சேறு காய்ந்த மாதிரி, அதன்மேல் சிவப்புச் சரளை. புள்ளி எங்கே என்றே தெரியவில்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒன்றில் என் முந்தானை நூல் கூடத் தெரிந்தது, இலுப்பை மரத்து வேர் கனத்துக்கு. கண்ணுக்குக் கண்ணாடியாகத் தெரிந்ததெல்லாம் அதில் கட்டாந்தரையாக இருந்தது.

"என்னமோ செங்கல் தூசியாட்ட இருக்குதுங்க" என்றான் டேவிட். நான் பொட்டு வைத்ததைச் சொன்னேன். "முனையைத் தொடைக்கறதுக்குன்னே ஒரு பேனா இருக்குதுங்க, அது தீந்து போச்சு. நாளைக்குச் சாயங்காலம் வாங்கியாந்து தொடச்சுட்டா எல்லா ஊட்லயும் ஆயிடுங்க. என்னமோ தூசின்னு சொல்லிக்கலாம். ஆருக்குந் தெரியப் போறதில்லீங்க."

யாருக்கும் தெரியப் போவதில்லை. ரங்கசாமிமேல் பழி இருக்கும். நான் செயலாளராக இருப்பேன்.

எனக்கு அழுகை வந்தது. சந்தனம் தீரவில்லை. கிண்ணத்தில் பாதி இருந்தது. 3-பி என்று ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் 'சீல் குத்துனவீங்க' என்ற சிரிப்பு காதில் கேட்டது, தொப்பியைக் கழற்றாமல் தாண்டிப் போனேன். குப்பைத் தொட்டி மூடிக்கு வைத்த கை அவர் வீட்டுக்கு வைக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் பொதுக்குழு. எல்லோரும் வந்திருந்தார்கள். ரங்கசாமி கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தங்கமணி மட்டும். அவர்களைச் சுற்றி நாலு நாற்காலி காலி. ஏ-பிளாக்காரர் தீர்மானத்தை வாசிக்க எழுந்தார்.

நான் மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"நெட் போனதற்குக் காரணம் நான்தான்" என்றேன். ஆயுத பூஜையன்று தொப்பியைக் கழற்றிப் பொட்டு வைத்தது, ஊதியது, முந்தானையால் துடைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். "3-பியில் ஓடுவதற்குக் காரணம் ஒன்றுதான். அதற்கு மட்டும் நான் பொட்டு வைக்கவில்லை. கோபத்தில் வைக்கவில்லை. ரங்கசாமி அண்ணன்மேல் ஒரு தப்பும் இல்லை. நான் ராஜினாமா செய்கிறேன்."

பத்து நாள் நெட் இல்லாமல் வெந்தவர்கள், இப்போது என்னை வறுத்து எடுப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

தங்கமணியின் குரல்தான் முதலில் வந்தது. "ஏனக்கா, எல்லார்த்து ஊட்டுக்கும் பொட்டு வச்சுட்டு, எங்கூட்டுக்கு மட்டும் வெக்காம உட்டுட்டீங்களா?"

அவ்வளவுதான், ஹால் பொங்கிவிட்டது. நெட்டைப் பற்றி ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை.

"நோம்பி நாளும் அதுவுமா இப்படியா பண்றது?"

"ஒரு ஊட்டை மட்டும் தாண்டிப் போறதுன்னா என்னங்க அர்த்தம்?"

"ஜெனரேட்டருக்கு வச்சீங்களா?" என்று ஏ-பிளாக்காரர் கேட்டார்.

"வைத்தேன்."

"தீயணைக்கற சிலிண்டருக்கு?"

"வைத்தேன்."

"குப்பைத் தொட்டிக்கு?"

"மூடிக்கு மட்டும்" என்றேன். ஹாலில் ஐயோ என்று ஒரு சத்தம்.

டேவிட் நாற்காலிமேல் ஏறி நின்று, "பொட்டு வச்சதுதானுங்க தப்பு! வெக்காததுதான் சரி! அந்த ஒரு லைன் மட்டுந்தான் நல்லா இருக்குது!" என்று கத்திப் பார்த்தான். யாரோ அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

ரங்கசாமி மெதுவாக எழுந்தார். கண் கலங்கியிருந்தது. "திருட்டுப் பட்டம் கட்டுனீங்க, அதைக் கூடப் பொறுத்துக்கிட்டனுங்க. ஆறு வருசம் இந்தக் கட்டடத்துக்குப் பொட்டு வச்சவன் நானு. உங்க ஸ்கூட்டிக்கும் நாந்தான் வச்சேன். ஒரு வருசம் உட்டுருப்பனுங்களா?"

விடவில்லை. ஒரு வருஷம் கூட விடவில்லை. "மன்னிச்சுக்குங்கண்ணா" என்றேன். தபால் துறையில் இருந்த காலம் முழுக்க நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை. "ராஜினாமாவை ஏத்துக்குங்க."

"அது கெடக்குதுங்க அக்கட்டால. மொதல்ல வந்து பொட்டை வைங்க."

மொத்தக் கூட்டமும் மீட்டர் ரூமுக்குக் கிளம்பிவிட்டது. ஹாலில் ஒரு ஆள் இல்லை. குறைந்தபட்ச ஆள், அதாவது கோரம், இல்லாத கூட்டத்தில் ராஜினாமாவை ஏற்க முடியாது என்பது விதி, அதனால் அது அப்படியே நிற்கிறது. வீட்டுக்காரர் ஓடிப் போய்ச் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் எடுத்து வந்தார். இத்தனை வேகமாக அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

டேவிட் பெட்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான். "அம்மா, கும்புடறேன். பெட்டி மேல வைங்க. ஒயர் மேல வைங்க. முனையில மட்டும் வேண்டாமுங்க. அதுவும் போயிடும்!"

நான் ரங்கசாமியைப் பார்த்தேன். அவர் பெட்டியைப் பார்த்தார். "எல்லாருக்கும் எங்க வச்சீங்களோ, அங்கயே வைங்க அம்மிணி" என்றார்.

3-பியைக் கழற்றினேன். தட்டு போல அவ்வளவு சுத்தமாக இருந்த அந்த முனையில், ஊதுபத்திக் குச்சியால் சந்தனம் வைத்தேன். அதன்மேல் குங்குமம். தங்கமணி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டேவிட் திரும்பி நின்றுகொண்டான். டக்கென்று சொருகினேன்.

எல்லோரும் மாடிக்கு ஓடினோம். அவர் வீட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு இரண்டு தடவை கண் சிமிட்டி அணைந்தது. சிவப்பு எரிந்தது. கட்டடமே கைதட்டியது. படிக்கட்டில் போனோடு உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் ஐயையோ என்றார்கள்.

தங்கமணி உள்ளே போய் எனக்கு வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். நாளைக் காலை நடக்கப் போகிறோம். முட்டி சரியாகிவிட்டது.

கதவருகில் நின்ற டேவிட், "இனியாச்சும் போயிப் பேனா வாங்கியாந்து, சாயங்காலம் எல்லாத்தையும் தொடச்சுடட்டுங்களா?" என்று கேட்டான்.

ரங்கசாமி அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "மத்ததையெல்லாம் தொடைங்க தம்பி" என்றார். "நம்மூட்டுது மட்டும் இன்னிக்கு ஒரு நாளைக்கு இருக்கட்டும்."